அப்பாவை நான்தான் தடுத்துவிட்டேனா?

மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு,

எனக்கு 42 வயது. பெரம்பூரில் இருக்கிறோம். நானும் கணவரும் ஒரு பள்ளிக்கூடம் பக்கத்தில் சின்னதாக ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறோம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடியதோடு எங்கள் கடையும் படுத்துவிட்டது. வாடகை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த வருஷம் அப்பாவின் பென்ஷனில்தான் குடும்பமே சாப்பிட்டது. அவர் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். 67 வயது, ரொம்ப நாளாகச் சர்க்கரை.

2021 ஏப்ரல் 19 காலையில் பக்கத்தில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொரோனா ஊசி போடக் கிளம்பினார். சட்டை போட்டு, ஆதார் அட்டையையும் பையில் வைத்துக்கொண்டார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் நடிகர் விவேக் இறந்திருந்தார். எனக்குப் பயம். 'ரெண்டு வாரம் பார்த்துட்டுப் போலாம்ப்பா' என்று நான்தான் சொன்னேன். அவரும் 'சரிம்மா' என்று சட்டையைக் கழற்றிவிட்டார். மே 6 காய்ச்சல் வந்தது. 11ஆம் தேதி ஆம்புலன்ஸிலேயே பல மணி நேரம் காத்திருந்துதான் பெட் கிடைத்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். 16ஆம் தேதி போய்விட்டார். பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள், முகத்தைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார். ஊரடங்கில் அவரால் வந்து சேர முடியவில்லை. என் கணவர்தான் கொள்ளி வைத்தார்.

'நீதான் அப்பாவை ஊசி போட விடாம தடுத்த, ரெம்டெசிவிரும் வாங்கித் தரல' என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறார். அப்பா போன பிறகு நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டோம். இப்போது அம்மாவுக்கு 69. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருக்கிறது. போன மாதம் டாக்டர் ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடச் சொன்னார். அதே அண்ணன், 'எந்த ஊசியும் வேணாம், கொரோனா ஊசி போட்டவங்கதான் சின்ன வயசுலயே நெஞ்சு வலியில போறாங்க' என்கிறார். போட்டு ஏதாவது ஆனாலும் நான்தான், போடாமல் ஏதாவது ஆனாலும் நான்தான். ராத்திரியில் தூக்கம் இல்லை. அப்பா சாவுக்கு நான்தான் காரணமா? உண்மையைச் சொல்லுங்கள் டாக்டர். ஆறுதலுக்காக எதுவும் சொல்ல வேண்டாம்.

— ஒரு வாசகி, பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியில் நீங்கள் கேட்டுக்கொண்டதை மதித்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

ஏப்ரல் 19 அன்று அப்பா ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. 'ஒரு வித்தியாசமும் இருந்திருக்காது, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க' என்று நான் எழுதிவிட்டால் இன்றைக்கு உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அது உண்மை இல்லை. நாளைக்கே வேறு எங்காவது ஒரு செய்தியைப் படித்ததும் அந்த நிம்மதி போய்விடும். அதனால் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன்.

நம்ம சென்னையில், அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 2021இல் தமிழ்நாட்டுக் காவல்துறையினரைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்த வருஷம் பிப்ரவரி 1 முதல் மே 14 வரையிலான கணக்கு. ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் கொரோனாவால் இறந்தார்கள். ஒரு டோஸ் மட்டும் போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர். சாவைத் தடுப்பதில் ஒரு டோஸுக்கு 82 சதவீதம், இரண்டு டோஸுக்கு 95 சதவீதம் பலன் என்று கணக்கிட்டார்கள். ஊசி வேலை செய்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த 82ஐ அப்படியே எடுத்து உங்கள் அப்பாவுக்குப் பொருத்த முடியாது. அவர்கள் எல்லோரும் வேலையில் இருக்கும் வயதுக்காரர்கள். அப்பாவுக்கு 67 வயது, கூடவே பல வருஷச் சர்க்கரை. அவர்களுக்கு முன்களப் பணியாளர்கள் என்ற முறையில் பிப்ரவரியிலேயே ஊசி தொடங்கிவிட்டது. அப்பா போகவிருந்தது ஏப்ரல் 19. முதல் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வரும்போதே பாதுகாப்பும் கூடவே வந்துவிடுவதில்லை. உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் திரட்ட இரண்டு, மூன்று வாரம் ஆகும். மே 6 காய்ச்சல் என்றால் கிருமி உள்ளே போனது பெரும்பாலும் மே முதல் இரண்டு, மூன்று நாளில் இருக்கும். ஊசி போட்டிருந்தாலும் அப்போதைக்கு இரண்டு வாரம்கூட நிறைந்திருக்காது. இரண்டாவது டோஸைப் பற்றிய பேச்சே இல்லை. அன்றைய விதிப்படி கோவாக்சினுக்குக் குறைந்தது 28 நாள், கோவிஷீல்டுக்கு ஆறு முதல் எட்டு வாரம். எதைப் போட்டிருந்தாலும் மே 16க்குள் இரண்டாவது டோஸுக்கு நாள் வந்திருக்காது.

ஆக, பிழைக்கும் வாய்ப்பு ஓரளவு கூடியிருக்கலாம். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. அப்பாவின் சாவுக்குக் காரணம் அவருடைய நுரையீரலைத் தாக்கிய கிருமி. உங்கள் பேச்சு ஒரு பாதுகாப்பைத் தள்ளிப்போட்டது. இந்த இரண்டும் ஒன்றில்லை. இத்தனை வருஷமாக நீங்கள் இரண்டையும் ஒன்றாகவே வைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறீர்கள்.

அடுத்து, அன்று காலையில் நீங்கள் எடுத்த முடிவு. அதை அன்றைக்குத் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். விவேக் ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். நாலு பேர் பார்த்துத் தைரியம் கொள்ளட்டும் என்றுதான் எல்லோர் முன்னிலையிலும் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலையில் இறந்துவிட்டார். இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சொன்னது சரிதான். ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அது தற்செயலாக நேர்ந்தது என்றே முடிவு சொன்னது. ஆனால் அந்த முடிவு வெளியானது அக்டோபரில். ஏப்ரல் 19 அன்று உங்கள் கையில் இருந்தது டிவியில் ஓடிய இறுதி ஊர்வலமும் வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவுகளும்தான். அக்டோபரில் வந்த பதிலை ஏப்ரலிலேயே நீங்கள் எப்படித் தெரிந்துவைத்திருக்க முடியும்?

அரசாங்கமே அப்போது மாற்றிமாற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கோவிஷீல்டு இரண்டு டோஸுக்கு நடுவில் முதலில் நாலு வாரம் என்றார்கள். மார்ச்சில் ஆறு முதல் எட்டு என்றார்கள். மே மாத நடுவில் பன்னிரண்டு முதல் பதினாறு என்றார்கள். மாற்றியதற்கு ஆராய்ச்சிக் காரணங்கள் உண்டு. ஆனால் அவற்றை உட்கார்ந்து மக்களுக்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அந்தக் குழப்பத்துக்கு நடுவில், வீட்டுப் பெரியவர்மேல் இருந்த அக்கறையில் 'ரெண்டு வாரம் பார்க்கலாம்' என்று சொன்னீர்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவும் சின்னக் குழந்தை இல்லை. வாழ்நாள் முழுக்கப் பேருந்தில் ஆயிரம் விதமான மனிதர்களைச் சமாளித்தவர். நீங்கள் சொன்னது அவருக்கும் அந்த நேரத்தில் சரியாகப் பட்டதால்தான் சம்மதித்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. பெற்றோரை வற்புறுத்தி ஊசிக்கு அழைத்துப் போய், அதற்குப் பிறகும் அவர்களை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். 'நான் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா அந்த வரிசையில தொத்தியிருக்காதே டாக்டர்' என்று அழுவார்கள். தடுத்த பிள்ளையும் தன்னைத் திட்டிக்கொள்கிறது, கூட்டிக்கொண்டு போன பிள்ளையும் தன்னையே திட்டிக்கொள்கிறது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. நீங்கள் அன்று எந்தப் பக்கம் முடிவெடுத்திருந்தாலும் இன்று இதே கேள்வியோடுதான் எனக்கு எழுதியிருப்பீர்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் பார்வையில், அந்த இரண்டு வருஷம் நம் ஊரில் மேலே போய்ச் சேர வேண்டிய கோபமெல்லாம் வழியிலேயே திரும்பி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

2020 ஏப்ரல் கடைசி நினைவிருக்கும். 26 முதல் 29 வரை சென்னையில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று திடீரென்று அறிவித்தார்கள். நாலு நாளுக்குக் காய்கறி வேண்டாமா? 25ஆம் தேதி ஊரே கோயம்பேட்டில் நின்றது. அடுத்த சில நாளில் அங்கிருந்து தொற்று கிளம்பிப் பல மாவட்டங்களுக்குப் போனது. மே 5 அன்று சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள். பழி யார்மேல் விழுந்தது? கூட்டம் கூடிய மக்கள்மேல், மூட்டை தூக்கியவர்கள்மேல், கீரைக் கட்டு விற்ற அம்மாமேல். கோயம்பேட்டில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தால் தெருவுக்குள் விடவில்லை. கூட்டத்தை உண்டாக்கிய அறிவிப்பைப் பற்றிப் பேச்சு அடங்கிவிட்டது, கூட்டத்தில் நின்றவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். அதற்குப் பிறகு தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரையே மாநகராட்சிக்குப் போன் செய்து காட்டிக்கொடுத்தார். ஊருக்குப் போய்ச் சாவுக்குத் தலைகாட்ட வேண்டுமென்றாலும் இ-பாஸ். உங்கள் கடை மாதிரி எத்தனை கடைகள் வாடகை பாக்கியிலேயே மூடிப்போயின.

2021இலும் இதே கதைதான். ஏப்ரல் 6 தேர்தல். அதற்கு முன் தெருத்தெருவாகக் கூட்டம். சென்னை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 26 அன்று தேர்தல் ஆணையத்தைப் பார்த்து, இந்த நிலைமைக்கு நீங்கள்தான் பொறுப்பு என்கிற அளவுக்குக் கடுமையாகப் பேசியது. மே மாதம் அரசு மருத்துவமனைகளின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அந்த வரிசையில்தான் உங்கள் அப்பாவும் படுத்திருந்தார். மனம் மாறி ஊசி போடப் போனவர்கள் மே கடைசியிலும் ஜூனிலும் 'இன்று தடுப்பூசி இல்லை' என்ற பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பல நூறு கோடி செலவில் செங்கல்பட்டில் கட்டிய மத்திய அரசின் தடுப்பூசி வளாகம் அப்போது ஒரு குப்பி மருந்துகூடத் தயாரிக்காமல் கிடந்தது. இவற்றில் ஏதாவது ஒன்று வேறு மாதிரி இருந்திருந்தால் அப்பாவின் கதையும் மாறியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் நடந்த விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள் மட்டும்தான்.

ரெம்டெசிவிர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அண்ணன் அதையும் உங்கள் கணக்கில் எழுதியிருக்கிறார். 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம், மருத்துவமனையில் இருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு இந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்தது. சாவைக் குறைக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் அப்போது இல்லை. பிற்பாடு வந்த ஆய்வுகளில் சிலருக்குச் சிறிதளவு பலன் தெரிந்தது. ஆனால் மக்கள் நம்பியது போல உயிரை மீட்டுத் தரும் மருந்து அது இல்லை. இது தெரிந்த மருத்துவர்களும் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ஜனங்கள் இரவு பகலாக நின்றார்கள். பிறகு விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள், அங்கேயும் அதே நெரிசல். கடைசியில் மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்கிறோம் என்று அரசு நிறுத்தியது. நகையை அடகு வைத்துக் கள்ளச்சந்தையில் வாங்கியவர்கள் உண்டு. உங்கள் அப்பாவின் நிலையில் இருந்தவர்களுக்கு உண்மையில் உதவியது ஆக்சிஜனும் ஸ்டீராய்டும். ஆக்சிஜன் அவருக்குக் கிடைத்தது. ரெம்டெசிவிர் வாங்கவில்லை என்ற பாரத்தை மட்டும் இன்றோடு முழுசாக இறக்கி வைத்துவிடுங்கள்.

முகத்தைப் பார்க்கவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என்னால் அதைக் கடக்க முடியவில்லை. 2020 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, பணியாளர் பாதுகாப்போடு உறையின் முகப்பகுதியைத் திறந்து உறவினர்களுக்குக் கடைசியாக ஒருமுறை காட்டலாம் என்று இருந்தது. தொடாமல் செய்யும் சடங்குகளுக்கும் தடை இல்லை. சாம்பலால் எந்த ஆபத்தும் இல்லை என்பதும் அதில் இருந்தது. நெரிசலிலும் பயத்திலும் பல இடங்களில் இதை யாரும் செய்யவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று கிடைக்காமல் போனது. அதற்காக நீங்கள் கோபப்படலாம். இத்தனை நாளாக உங்கள்மேலேயே காட்டிய கோபத்தில் ஒரு பங்காவது இந்தப் பக்கம் திரும்பட்டும்.

இனி அண்ணன். 'ஊசி போட விடாமல் தடுத்தாய்' என்கிறார், 'எந்த ஊசியும் வேண்டாம்' என்றும் சொல்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டது என்று எடுத்துக்காட்டி அவரை மடக்கிவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர் வாதம் செய்யவில்லை. அப்பா போன அன்று இந்த மகன் கோயம்புத்தூரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொள்ளி வைக்க வேண்டியவர் வரவில்லை என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் அவருக்கே தோன்றியிருக்கும். 'நான் வரலையே' என்பதை நாள் முழுக்கச் சுமப்பதைவிட 'நீ தடுத்த' என்று சொல்வது சுலபம். அவர் சொல்வது நியாயம் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்னது உங்களைக் காயப்படுத்தியது, அதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி.

போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். அம்மா முன்னாலும் வேண்டாம். அவர் சென்னை வரும்போது, அல்லது நீங்களே ஒருமுறை போய், தனியாக உட்கார்ந்து பேசுங்கள். முதலில் கேளுங்கள்: 'அண்ணா, அன்னைக்கு உனக்கு யாரு போன் பண்ணாங்க? நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த? நான் இதுவரைக்கும் உன்கிட்ட கேட்டதே இல்ல.' அவர் பேசட்டும். குறுக்கே பேசாமல் கேளுங்கள். முடித்த பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள்: 'நான் ரெண்டு வாரம் பார்க்கலாம்னு சொன்னது உண்மைதான். தினமும் அதை நினைக்கிறேன். ஆனா நீ ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லும்போது என்னால தாங்க முடியல. இனிமே சொல்லாத அண்ணா.' இவ்வளவு போதும். வேண்டுமானால் இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். ஒரே பேச்சில் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் தடவை அவர் கோபமாக எழுந்து போனாலும் போவார்.

பேச்சைவிட ஒன்றாகச் செய்யும் காரியம் சில வீடுகளில் நன்றாக உதவுகிறது. அப்பாவின் அடுத்த திதியை அண்ணன் கையால் செய்யச் சொல்லுங்கள். ராமேஸ்வரம் போகலாம், மயிலாப்பூர் குளத்தில் செய்யலாம், அதுவும் வேண்டாமென்றால் வீட்டில் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கலாம். அன்று செய்ய முடியாமல் போனதை இன்று செய்கிறோம் என்று அவர் வாயால் சொல்லட்டும். உங்கள் கணவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்தப் பயமான நாளில் மருமகனாக நின்று எல்லாம் செய்தவர் அவர். எப்படி இருக்கிறாய் என்று அவரிடம் யாராவது கேட்டார்களா?

நெஞ்சு வலிப் பயத்துக்கு வருகிறேன். இதை அண்ணன் மட்டும் சொல்லவில்லை, என் கிளினிக்கில் வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். முதலில் சொன்ன அதே அயப்பாக்கம் நிறுவனம்தான் இதையும் ஆராய்ந்தது. நாடு முழுக்க 47 மருத்துவமனைகள், 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேர், அவர்களோடு ஒப்பிட 2,916 பேர். 2023இல் முடிவு வெளியானது. கொரோனா ஊசியால் திடீர் மரண ஆபத்து கூடவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது. எவற்றால் கூடியது? கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் ஏற்கெனவே திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் அளவுமீறிய குடி, அதே போல உடம்பைக் கசக்கும் கடுமையான உடற்பயிற்சி. ஊசியே முழுக்க ஆபத்தற்றது என்று நான் சொல்லமாட்டேன். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறையும் பாதிப்பு வரும் என்பது உண்மை. 2024இல் லண்டன் நீதிமன்ற வழக்கு பற்றிய செய்தி வந்தபோது எல்லோரும் பயந்தது அதற்காகத்தான். ஆனால் அந்தப் பாதிப்பு வந்தால் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வந்துவிடும். வருஷக்கணக்கில் உள்ளே ஒளிந்திருந்து பிறகு தாக்குவதில்லை. அன்று போட்டுக்கொண்ட நீங்களும் அம்மாவும் இன்று அதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

அம்மாவுக்கு டாக்டர் எழுதிய இரண்டும் வேறு ஊசிகள், வேறு நோய்களுக்கானவை. உலகம் முழுக்கப் பல வருஷமாகப் பெரியவர்களுக்குப் போட்டு வருபவை. 69 வயது, கூடவே சர்க்கரை என்றால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். ஃப்ளூ ஊசி வருஷத்துக்கு ஒன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் நம் ஊரில் மழையோடுதான் காய்ச்சல் ஏறும். நிமோனியா ஊசியில் இரண்டு, மூன்று வகை உண்டு. சிலவற்றுக்கு ஒன்று போதும், சிலவற்றுக்குப் பிறகு இன்னொன்று வேண்டும். எது, எத்தனை என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், செலவு ஆயிரக்கணக்கில் வரும். இரண்டையும் ஒன்றாகப் போட முடியாவிட்டால் மழைக்கு முன்னால் ஃப்ளூ, அடுத்த மாதம் மற்றது என்று பிரித்துக்கொள்ளலாம், தப்பில்லை. காய்ச்சல் இருக்கும் நாளில் போக வேண்டாம். முன்பு எந்த ஊசிக்காவது மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வையுங்கள். கை வலி, ஓரிரு நாள் உடம்பு வலி, லேசான காய்ச்சல் வரலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. டாக்டர் சொன்னது இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது, உங்கள் பயம் இருக்கிறது. அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. 69 வயதில் அவருக்குத் தன் உடம்பைப் பற்றிச் சொந்தமாக ஒரு யோசனை இருக்கும். அவரை டாக்டர் முன்னால் உட்காரவைத்து, எல்லாவற்றையும் அவரிடமே விளக்கச் சொல்லுங்கள். அண்ணனையும் போனில் ஸ்பீக்கரில் போடுங்கள், அவர் சந்தேகத்தை டாக்டரிடமே கேட்கட்டும். அதற்குப் பிறகு போடுவதா வேண்டாமா என்று அம்மா சொல்லட்டும். 'போட்டாலும் நான்தான், போடாவிட்டாலும் நான்தான்' என்று எழுதியிருந்தீர்கள். இந்த முறை நீங்கள் தனியாக முடிவெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் தூக்கத்தைப் பற்றி. அப்பா போய் இத்தனை வருஷம் ஆகியும் தூக்கம் வரவில்லை, முடிவெடுக்கும்போதெல்லாம் அந்தக் காலை நேரம்தான் வந்து நிற்கிறது என்றால், அதை வெறும் துக்கம் என்று விட்டுவிட முடியாது. நீண்டுபோன துக்கத்தை இன்று மருத்துவம் சிகிச்சை தேவைப்படும் ஒரு நிலையாகவே ஏற்றுக்கொள்கிறது. விடைபெற முடியாமல் போன கொரோனாச் சாவுகளுக்குப் பிறகு இது நிறைய பேருக்கு வந்திருக்கிறது. பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது, தூக்கத்துக்குக் கொஞ்ச நாள் மாத்திரையும் தேவைப்படலாம். பெரம்பூரிலிருந்து உங்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம், மனநலப் பிரிவு அங்கே இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகத்திலும் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள். பெயரைக் கேட்டுத் தயங்காதீர்கள், தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லிப் போகிறவர்கள் ஏராளம். நேரில் போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள், அது டெலி-மானஸ் என்ற அரசின் இலவச எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம். இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்காமல் உடனே கணவரிடம் சொல்லிவிட்டு அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஓ.பி. காலையில்தான். பள்ளி தொடங்கும் நேரம் உங்கள் கடையில் கூட்டம் இருக்கும் என்று தெரியும். ஒரு நாள் கடையைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும், இந்த வாரமே போய் வந்துவிடுங்கள்.